நெடுங்கோவிட், அந்தமான், என் ஆய்வேடு

என் ஆய்வேடு ஏன் இத்தனை தாமதமாகிறது என்று நண்பர்கள் பலர் கேட்டுவிட்டனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்வதைவிட ஒருமுறை முழுமையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. காரணம் நெடுங்கோவிட். இரக்கம் வேண்டி இதை எழுதவில்லை. பல்கலைக்கழகங்களில் படிப்போரிலும் கற்பிப்போரிலும் சிலருக்கேனும் இதே இடர் நேர்ந்திருக்கும். அதன் பெயர் தெரியாமல் சோம்பல் என்றோ ஆர்வக்குறைவு என்றோ தம்மைத் தாமே பழித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களையும், நான் பிறந்து வளர்ந்த தீவுகளில் இந்நோயோடு வாழ்பவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பதிவு நீளமானது. பகுதி பகுதியாகப் படிக்கலாம். நானும் அப்படித்தான் எழுதினேன்.

அந்தமான் தமிழரின் பேச்சுமொழி என் ஆய்வுப் பொருள். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை 3.8 லட்சம். அவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள், இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள், இராமநாதபுரம், மதுரைப் பக்கங்களிலிருந்து பிழைப்புக்காகக் கப்பலேறியவர்கள் எனப் பல வழிகளில் வந்த தமிழ் அங்கே ஒன்றாய்க் கலந்து, இந்தியோடும் வங்காளத்தோடும் நாள்தோறும் உறவாடுகிறது. அந்தப் பேச்சைப் பதிவுசெய்து எழுத்துக்குப் பெயர்ப்பதே என் வேலை. ஒரு வாக்கியத்தைக் கேட்டு, அதை மனத்தில் நிறுத்திக்கொண்டே எழுத வேண்டும். இதற்குத் தேவைப்படுவது உளவியலார் செயல்நினைவு என்று குறிப்பிடும் ஆற்றல்.

2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேயரில், என் பெற்றோர் வீட்டில் எனக்குத் தொற்று வந்தது. காய்ச்சல் ஐந்து நாள். மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கவில்லை. ஆகஸ்டில் ஒலிப்பதிவுகளைத் திறந்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. ஏழு சொற்கள் கொண்ட வாக்கியத்தில் ஐந்தாம் சொல் காதில் விழும்போது முதல் சொல் போய்விட்டிருந்தது. முன்பு ஒரு மணி நேரத்தில் பத்து நிமிட ஒலிப்பதிவை எழுதி முடிப்பவள், அரை நிமிடத்தை எழுதுவதற்குள் களைத்துப் படுத்தேன். அது தூங்கி எழுந்தால் தீரும் களைப்பாக இருக்கவில்லை. ஒரு நாள் சற்று மிகுதியாக உழைத்தால் அடுத்த இரண்டு நாள்கள் எழுந்து நிற்பதே பெரும்பாடாகும்.

இந்நோயின் பெயரே ஒரு நோயாளியிடமிருந்து வந்தது என்பதை ஆய்வுலகத்தினர் அறிந்துகொள்ள வேண்டும். எலிசா பெரேகோ என்னும் இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர் 2020 மே மாதம், தமக்கு நேர்ந்ததைக் குறிக்க ட்விட்டரில் ‘லாங் கோவிட்’ என்ற சொற்றொடரைப் பயன்படுத்தினார். இரண்டு வாரத்தில் தீரும் நோய் என்று மருத்துவ உலகம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில்தான் இதற்கு வரையறை வழங்கியது. தொற்று தொடங்கி மூன்று மாதங்களுக்குப் பின்னும் தொடர்ந்து, குறைந்தது இரண்டு மாதங்களேனும் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகள் என்பது அதன் சாரம். முதன்மையாக அது குறிப்பிட்டவை களைப்பு, மூச்சுத்திணறல், அறிதிறன் குறைபாடு ஆகிய மூன்றும். பட்டவர்கள் முதலில் பெயரிட்டனர். நிறுவனங்கள் பின்னர் ஏற்றன.

தீவில் எடுத்த பரிசோதனைகளில் ஒன்றும் புலப்படாததால் மெயின்லேண்டில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றேன். ‘மெயின்லேண்ட்’ என்பது எங்கள் ஊரில் தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஸ்கேன், இரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல்மா, மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார்கள். பின்னர் அறிதிறன் சோதனை ஒன்று நடந்தது. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர்களைச் சொல்ல முடியும் என்பது அதில் ஒரு பகுதி. என் வாயில் முதலில் வந்தது ‘சுர்மை’. மெயின்லேண்டில் வஞ்சிரம் என்று விற்கப்படும் மீனுக்கு எங்கள் சந்தையில் அதுதான் பெயர். அடுத்து வந்ததும் இந்திச் சொல். “தமிழ்ல மட்டும் சொல்லுங்க” என்று நிறுத்தினார்கள். அந்த இடையூறுக்குப் பின் எனக்கு வந்த சொற்கள் நான்கு.

ஒரு மொழியியல் மாணவியாக இதை நான் வேறொரு கண்ணாலும் பார்க்க வேண்டியிருந்தது. இரு மொழிகளில் வாழ்பவரை ஒரே மொழியில் சொல் எண்ணச் சொன்னால் எண்ணிக்கை குறையக்கூடும் என்பது இருமொழியாளர் ஆய்வுகளில் நன்கு அறியப்பட்ட செய்தி. உலகெங்கும் கையாளப்படும் ‘மோக்கா’ சோதனையின் பரவலான ஒரு வடிவத்தில் சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் ஆகியவற்றின் படங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும். இம்மூன்றில் ஒன்றும் எங்கள் காடுகளில் இல்லை. பள்ளிப் பாடநூல் பார்க்காத முதியவர் ஒருவர் காண்டாமிருகத்தின் பெயரைச் சொல்லத் தடுமாறினால் அதை நோயின் கணக்கில் எழுதுவதா? என் குறைபாடு உண்மையானது. அதில் எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு அளவுகோலால் வந்தது என்பதை அந்த மதிப்பெண் காட்டவில்லை. மறுவாழ்வுக்கான முதல் படியே எது குறைந்திருக்கிறது என்று சரியாக அறிவது. அளவுகோல் கோணினால் அதன்மேல் எழுப்பும் சிகிச்சையும் கோணும்.

“எல்லாம் நார்மல்” என்ற அந்தச் சொல்லுக்கும் இன்று விடை உண்டு. தொற்றுக்கு முன்னும் பின்னும் ஒரே ஆட்களின் மூளையை ஸ்கேன் செய்து ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வொன்று 2022இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. 785 பேர், அவர்களில் 401 பேர் இடைக்காலத்தில் தொற்றுக்கு ஆளானவர்கள். மணம் சார்ந்த பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் சற்றே மெலிந்திருந்ததையும், குழு அளவில் அறிதிறன் சிறிது இறங்கியிருந்ததையும் அது காட்டியது. இங்கிலாந்தில் 1,12,000க்கும் மேற்பட்டோர் இணையவழிச் சோதனை செய்துகொண்ட மற்றோர் ஆய்வு 2024இல் வெளியானது. அறிகுறி தீராதவர்களிடம் அறிவுத்திறன் அளவெண்ணில் ஏறத்தாழ 6 புள்ளிகளுக்கு நிகரான குறைவும், முற்றும் தேறியவர்களிடம் 3 புள்ளிகளுக்கு நிகரான குறைவும் அதில் தென்பட்டன. இவை சராசரிகள். தனியொருவரின் ஸ்கேனில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஆயிரக்கணக்கானோரை ஒருசேரப் பார்க்கும்போது தெரிகிறது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

இனி மறுவாழ்வு. இச்சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவில் வருவது மூளைக்கான விளையாட்டுச் செயலிகள். நானும் இரண்டு மாதம் அவற்றை ஆடிப் பார்த்தேன். ஆட்டத்தில் மதிப்பெண் உயர்ந்தது. ஒலிப்பதிவை எழுதும் வேகம் உயரவில்லை. அமெரிக்காவில் 328 பேரைக் கொண்டு நடந்த ‘ரெக்கவர் நியூரோ’ சோதனையின் முடிவு 2025இல் வந்தபோது எனக்கு வியப்பேதும் இல்லை. கணினிவழிப் பயிற்சி, இலக்கை வகுத்துச் செயல்படும் பயிற்சி, மென்மையான மின்தூண்டல் ஆகியவற்றை அது ஒப்பிட்டது. எல்லாக் குழுவினரும் ஓரளவு தேறினர். எந்த ஒரு சிகிச்சையும் ஒப்பீட்டுக் குழுவை விஞ்சவில்லை.

இதைப் படித்து மனம் தளர வேண்டியதில்லை. அறிதிறன் மறுவாழ்வு என்பதற்கு இன்னொரு மரபும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் தலையில் காயமுற்ற வீரர்களுக்கு உரால் மலைப்பகுதி மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை அளித்த சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா, சிதைந்த செயலை அதே வழியில் மீட்க முயல்வதைவிட எஞ்சியிருக்கும் ஆற்றல்களைக் கொண்டு வேறு வழியில் அச்செயலை அமைத்துக்கொள்வதை வலியுறுத்தினார். நினைவில் நிற்காததைக் கண்முன் நிறுத்துவது, ஒரே நேரத்தில் இரண்டு செய்யாமலிருப்பது, கடினமான வேலையை மனம் தெளிந்திருக்கும் வேளைக்கு மாற்றுவது ஆகியன இந்த மரபைச் சேர்ந்தவை.

இதை நான் நூலில் படிப்பதற்கு முன்பே என் தாய்மாமா செய்துகொண்டிருந்தார். அவர் அந்தமான் நெடுஞ்சாலையில் பேருந்து ஓட்டியவர். எனக்கு வந்த அதே அலையில் அவருக்கும் தொற்று வந்தது. தேறி வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. “வண்டிய எடுத்தா பாதை தானா வருது பாப்பா. நடுவுல ஒருத்தர், அந்தப் பாலத்துக்கிட்ட நிறுத்துங்கன்னு சொன்னா, அதுதான் நிக்க மாட்டேங்குது” என்றார். முப்பது ஆண்டுகள் கையிலும் காலிலும் ஊறிய திறன் கெடவில்லை. அப்போது கேட்ட ஒரு செய்தியைச் சற்று நேரம் மனத்தில் வைத்திருக்கும் திறனே கெட்டிருந்தது. வேலை போய்விடுமோ என்ற அச்சத்தால் யாரிடமும் அவர் சொல்லவில்லை. முன் கண்ணாடிக்கு மேல் ஓர் அட்டையைச் செருகி, யார் எங்கே இறங்க வேண்டும் என்று நடத்துநரைப் பென்சிலால் எழுதச் சொன்னார். ஜிர்காட்டாங்கில் வாகன அணிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற ஓட்டுநர்களோடு பேசிக்கொண்டிருந்தவர், இருக்கையிலேயே கண்மூடிச் சாய்ந்திருக்கத் தொடங்கினார். ஆறு மாதங்களுக்குப் பின் தாமாகவே கேட்டுப் பணிமனைக் கிடங்குக்கு மாறிக்கொண்டார். வருமானம் குறைந்தது. “நாப்பது பேரு உசிரு பின்னாடி உக்காந்திருக்கு” என்பதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

மாமாவின் அட்டையும் ஓய்வும் அறிதிறன் மறுவாழ்வின் இரு தூண்கள். முதலாவது ஈடுசெய்தல். இரண்டாவதை ஆங்கிலத்தில் ‘பேசிங்’ என்பர். அளவறிந்து செலவிடல் என்று தமிழில் சொல்லலாம். உடலுக்குள்ள ஆற்றலின் எல்லையை அறிந்து, அது தீரும் முன்பே நிறுத்துவது. நோய்க்குப் பின் மெல்ல மெல்ல உடற்பயிற்சியைக் கூட்டினால் பலம் வரும் என்பது நம் பொதுவான நம்பிக்கை. நம் நடுவண் சுகாதார அமைச்சகம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட கோவிட் பின்னலன் நெறிமுறையும் யோகம், மூச்சுப் பயிற்சி, இயன்ற வேகத்தில் நடைப்பயிற்சி ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. பலருக்கு அது பொருந்தும். உழைப்புக்குப் பின் நோய் மிகும் தன்மையுள்ளவர்களுக்குப் பொருந்தாது. 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் நெடுங்கோவிட் நோயாளிகள் 25 பேரை மிதிவண்டிப் பயிற்சி செய்யவைத்து, முன்னும் பின்னும் அவர்களுடைய தசைத் திசுவை ஆராய்ந்தபோது, பயிற்சிக்குப் பின் தசைச் சிதைவு கூடியிருந்ததைக் கண்டனர். “இயன்ற வேகத்தில்” என்னும் இரண்டு சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்த வேகம் எது என்று கண்டறிய நோயாளிக்கு உதவுவதே மறுவாழ்வுப் பணியாளரின் முதற்கடமை.

உளவியல் சிகிச்சை பற்றி எனக்கு நெடுநாள் மனத்தடை இருந்தது. “மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க” என்று கேட்டபின், உளவியலாளரிடம் செல்வது அந்தக் கூற்றை ஒப்புக்கொள்வதாகுமோ என்று தயங்கினேன். சான்றுகள் இதைவிட நிதானமாகப் பேசுகின்றன. நெதர்லாந்தில் 114 பேரிடம் நடந்த சோதனையில் அறிதல்-நடத்தை சிகிச்சை களைப்பைக் குறைத்தது. பிரிட்டனில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 585 பேரிடம் நடந்த ‘ரீகெயின்’ சோதனையில், எட்டு வாரம் இணையவழிக் குழுவாக உடலுக்கும் மனத்துக்கும் பயிற்சி பெற்றோரின் வாழ்க்கைத்தரம், ஒருமுறை மட்டும் அறிவுரை பெற்றோரைவிடச் சற்று மேம்பட்டது. மறுபுறம், நெடுங்கோவிட்டை ஒத்த நாட்பட்ட களைப்பு நோய்க்கு 2021 அக்டோபரில் வந்த பிரிட்டனின் வழிகாட்டுதல், படிப்படியாக உயர்த்தும் உடற்பயிற்சியைக் கைவிட்டதோடு, உளவியல் சிகிச்சை அந்நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லலாகாது எனவும், நோயோடு வாழத் துணைசெய்யும் என்றே கொள்ள வேண்டும் எனவும் வரையறுத்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தபின் என் தயக்கம் நீங்கியது. கால் முறிந்தவருக்கு ஊன்றுகோல் கொடுப்பதால் முறிவு கற்பனை என்று ஆகாது. என் உளவியலாளர் என்னிடம் முதலில் செய்தது, நான் முன்பு போல இல்லை என்பதற்காகத் துக்கப்பட எனக்கு இடம் கொடுத்ததுதான். என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லியே வளர்த்தார்கள். ஒரு வாக்கியத்தைக் கையில் பிடிக்க முடியாதபோது நான் யார் என்ற கேள்விக்கு எந்தச் செயலியிலும் விடை இல்லை.

அந்த உளவியலாளர் சென்னையில் இருந்தார். நான் திரையில் அவரைப் பார்த்தேன். இது நடந்ததற்கு ஒரு கம்பிவடம் காரணம். சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் எங்கள் வீட்டில் காணொளி அழைப்பு என்பது உறைந்த முகங்களும் விட்டுவிட்டு வரும் குரலும்தான். சென்னைக்குக் கப்பலில் போனால் ஏறத்தாழ மூன்று நாள். விமானம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அளவறிந்து செலவிட வேண்டிய உடலுக்கு அந்தக் கப்பல் பயணமே ஒரு வார ஆற்றலைத் தின்றுவிடும். கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் வாழ்பவர் போர்ட் பிளேயருக்கு வருவதற்கே 500 கிலோமீட்டருக்கு மேல் கடல் கடக்க வேண்டும். ஹெலிகாப்டர் இருக்கைகள் சிலவே. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்போர் அவற்றில் முதலில் செல்வது நியாயம். சொல் மறந்துபோகிறவருக்கு எந்தப் பட்டியலிலும் முன்னுரிமை இருக்காது. ஆகவே எங்கள் தீவுகளைப் பொறுத்தவரை மறுவாழ்வு நோயாளியைத் தேடி வர வேண்டும்.

இது இயலாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் குழுக்கள் எங்கள் தீவுகளின் நிவாரண முகாம்களில் பணியாற்றின. அத்தனை பேருக்கும் மனநல மருத்துவர்கள் கிடைக்கமாட்டார்கள் என்ற நிலையில், ஆசிரியர்கள் போன்ற உள்ளூர்ப் பணியாளர்களுக்கு அடிப்படை உளச்சமூகப் பயிற்சி அளிப்பதே வழியாயிற்று. கார் நிக்கோபாரில் ‘துஹேத்’ என்னும் கூட்டுக்குடும்ப அமைப்பு துயரைப் பகிர்ந்து சுமக்கத் துணைநின்றது. பின்னர் இழப்பீடும் வீடும் தனிக்குடும்பக் கணக்கில் வழங்கப்பட்டபோது அந்த அமைப்பே தளர்ந்ததையும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. உள்ளூர் ஆளுக்குப் பயிற்சி அளித்தால் உதவி எட்டும். வெளியிலிருந்து வரும் உதவி, ஏற்கெனவே இருக்கும் தாங்குதலை உடைத்துவிடக் கூடாது.

இன்றைய கருவிகள் அன்றைவிட நல்லவை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் அழைத்துப் பேசலாம். அது நெடுங்கோவிட்டுக்கென அமைந்தது அன்று. எனினும் துயரம் முற்றும்போது தன் மொழியில் கேட்க ஒரு குரல் உண்டு என்பது சிறிய செய்தி இல்லை. இதற்குமேல் தேவைப்படுவது எளிமையானது: துணை சுகாதார நிலையச் செவிலியருக்கு இரண்டு நாள் பயிற்சி, உழைப்புக்குப் பின் நோய் மிகுகிறதா என்று கேட்கும் ஐந்து கேள்விகள், தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு, நிக்கோபாரி மொழிகளில் ஒரு நாட்குறிப்பேடு, மாதம் ஒருமுறை கடலடி வடத்தின் வழியே ஒரு குழுச் சந்திப்பு. சோதனைகளை எங்கள் மீனையும் பறவையையும் கொண்டு, எந்த மொழிச் சொல்லையும் ஏற்கும் வகையில் திருத்தியமைக்க மொழியியல் மாணவர்கள் உதவலாம். என் பங்காக, என்னிடம் உள்ள ஒலிப்பதிவுகளிலிருந்து அந்தமான் தமிழர் இயல்பாகப் பயன்படுத்தும் உயிரினப் பெயர்களின் பட்டியலைத் தொகுத்து வருகிறேன். 140 சொற்கள் வரை சேர்ந்திருக்கின்றன.

நெறியாளர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் ஒரு சொல். ஒரு மாணவர் திடீரென்று பின்தங்கினால், எச்சரிக்கைக் கடிதம் எழுதுமுன் உடல்நிலையைக் கேளுங்கள். வாய்மொழித் தேர்வில் கேள்விகளை எழுத்திலும் கொடுங்கள். மூன்று மணி நேரக் கருத்தரங்கில் நடுவே எழுந்துபோக அனுமதியுங்கள். உதவித்தொகை நீட்டிப்புக்குக் கேட்கும் சான்றிதழ், ஸ்கேனில் தெரியும் நோய்களுக்கு மட்டும் என்று இருக்க வேண்டாம். என் நெறியாளர் இவற்றில் மூன்றைக் கேளாமலேயே செய்தார். நான் இன்னும் ஆய்வு மாணவியாக இருப்பதற்கு அதுவே காரணம்.

மாணவர்களுக்கு: காலையில் இருபது நிமிடம் படித்து, மணியடித்ததும், நன்றாக வந்துகொண்டிருந்தாலும் மூடிவையுங்கள். நன்றாக வரும் நாளில் நிறுத்துவதுதான் கடினம். அந்த நாளில் நிறுத்தத் தெரிந்தபின்தான் எனக்கு மோசமான நாள்கள் குறைந்தன. யார் சொன்னதையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு வெட்கப்பட வேண்டாம். நாற்பது பயணிகளை ஏற்றிச் சென்றவரே அட்டையில் எழுதிவைத்துத்தான் ஓட்டினார்.

நான் முழுதாகத் தேறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரத்தில் நான்கு நிமிட ஒலிப்பதிவை எழுத இப்போது முடிகிறது. மீதமிருப்பவை 61 மணி நேரம். கணக்குப் போட்டால் பெரிய எண் வரும். அதனால் வாரத்துக்கு ஒன்றாகத்தான் எண்ணுகிறேன். இந்த வாரத்துக்கு உரியது மாயாபந்தரைச் சேர்ந்த ஒரு பாட்டியின் குரல். பர்மாவிலிருந்து வந்த கதையைச் சொல்கிறார். அவரும் நடுவே சொல் கிடைக்காமல் நிறுத்துகிறார், வேறு மொழியில் தேடுகிறார், கண்டெடுத்துத் தொடர்கிறார். அந்த இடைவெளிகளை முன்பு நான் வெறும் புள்ளிகளாகக் குறித்து வந்தேன். இப்போது ஒவ்வொன்றின் நீளத்தையும் நொடிக் கணக்கில் அளந்து எழுதுகிறேன். ஆய்வேட்டில் அதற்கென்று ஓர் இயல் சேர்ந்திருக்கிறது.